தாய்மாமன் திரும்பும் வரை

டீக்கடையைத் தாண்டி நாலடி போய்விட்டால் ராசாங்கம் திரும்பி நடப்பதில்லை. முகம் முன்னால் பார்த்தபடியே இருக்கும். கால்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் பின்னால் வைத்து, கணக்காகக் கடை வாசலில் வந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ரோலர் ஓட்டுகிற மனிதர். ரோலருக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். "வண்டியைத் திருப்புனா தரை கிழிஞ்சிரும். வந்த வழியே போயிரணும்" என்பார், கிளாஸை வாங்கிக்கொண்டே.

இன்னொரு பழக்கம் தொடை ஆட்டுவது. பன்னிரண்டு டன் வண்டியின் உருளை அதிர்ந்து அதிர்ந்து தரையை அமுக்கும்போது, மேலே உட்கார்ந்திருப்பவரின் எலும்பும் சேர்ந்தே அதிரும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அது ராசாங்கத்தை விட்டு இறங்காது. பஸ்ஸிலும் பந்தியிலும் துக்க வீட்டிலும் தொடைகள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். "இவரு பக்கத்துல செம்பு வச்சா தண்ணி தளும்பிக் கீழ ஊத்துது" என்று அம்சவள்ளி, அவருடைய மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பார். மூன்றாவது, அவருடைய குரல். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியம் பேசுகிற தொண்டையே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. காதோடு காதாக அவர் சொல்வது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

குன்னத்துக்காரர். அப்பா காலத்தில் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம். பாடாலூர்ப் பக்கம் நாலுவழிச் சாலை போட்டபோது, ரோலருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குப் போனவர், சாலை முடிவதற்குள் அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இப்போது ஓட்டுவது பச்சைமலை அடிவாரத்தில், ஓர் ஓடைக்குக் குறுக்கே எழும்பிக்கொண்டிருக்கும் அணையின் மேல். முந்நூறு மீட்டர் நீளம். அந்த முந்நூறு மீட்டருக்குள் போவதும் வருவதுமாக எட்டு மாதம். "கணக்குப் போட்டுப் பாத்தா காசிக்கே போயிட்டு வந்திருப்பேன். ஆனா இந்த ஓடையைத் தாண்டல" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

இந்த அணைக்குப் போடுகிற கான்கிரீட் வீட்டுக்குப் போடுவதைப் போலக் குழம்பாக இருக்காது. பிசிறிய புட்டு மாவு மாதிரி உதிரியாக டிப்பரில் வந்து விழும். புல்டோசர் அதை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும். அதன் மேல் ராசாங்கம் எட்டு நடை போய் வருவார். மாவு இறுகிப் பாறையாகும். அது முழுதாக இறுகிக்கொள்வதற்கு முன்பே அடுத்த அடுக்கு மேலே விழ வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு ஒரே கல்லாகும். நேரம் தவறினால் நடுவில் ஒரு பிரிவு நின்றுவிடும்; நாளைக்குத் தண்ணீர் அந்தப் பிரிவைத்தான் தேடி வரும்.

இதெல்லாம் ராசாங்கத்துக்குப் பிடித்த விஷயம். பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கான்கிரீட்டில் சிமெண்டைவிடச் சாம்பல் அதிகம். அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து, புகையோடு பறக்கிற சாம்பலைப் பிடித்து, வயிறு பெருத்த பல்கர் லாரிகளில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த நூறு பங்கில் அறுபது பங்கு அதுதான்.

"சுத்துப்பட்டு முழுக்க சிமெண்ட் விளையுற ஊரு. அரியலூர் ரோட்டுல நின்னா மூச்சுலயே சிமெண்ட் வரும். அந்த மண்ணுல பொறந்துட்டு நான் சாம்பலை உருட்டிக்கிட்டுக் கெடக்குறேன்" என்று டீக்கடையில் அங்கலாய்ப்பார். பல்கர் டிரைவர்கள் வந்தால் "அடுப்படியெல்லாம் கூட்டியாச்சாப்பா?" என்று கேட்பார். அவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அணையின் தரம் பார்க்கும் இஞ்சினியர் நர்மதா. முப்பது வயதிருக்கும். தலைக்கவசத்துக்குக் கீழே எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். சோதனைக்கூடத்தில் ஏழு நாள் ஆன கான்கிரீட் கட்டியை அவர் எந்திரத்தில் வைத்து நசுக்கியபோது ராசாங்கம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். கட்டி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

"என்னா மேடம், என் பேத்தி கை வச்சாலே ஒடையும்போல. இதை நம்பி மலைத்தண்ணியை நிறுத்தப் போறீங்களா?"

"இது மெதுவாத்தான் பலம் பிடிக்கும் ராசாங்கண்ணே. தொண்ணூறு நாள் கழிச்சு வந்து பாருங்க" என்றார் நர்மதா. "வெறும் சிமெண்ட்டாப் போட்டா உள்ளுக்குள்ள சூடு ஏறும். இவ்வளவு பெரிய உடம்புக்குள்ள இருந்து அந்தச் சூடு வெளிய வர வழி கிடையாது. வெடிச்சிரும். சாம்பல் போட்டா சூடும் குறையும், இறுகுறதும் தாமதமாகும். நமக்கு நிதானமா வேலை பாக்க நேரம் கிடைக்கும்."

"எனக்கு எதுக்கு மேடம் நேரம்? நான் எங்க போகப்போறேன்?" என்று சொல்லிவிட்டு ராசாங்கம் வண்டிக்குப் போய்விட்டார்.

போக வேண்டிய நாள் ஆவணி மாதத்தில் வந்தது.

ராசாங்கத்துக்கு ஒரே தங்கை, வெற்றிச்செல்வி. தா.பழூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் போன வருஷம் ஒரு பெண் பிறந்தது. இலக்கியா என்று பெயர். ஊருக்கு வெளியே இருக்கிற குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ராசாங்கத்தைத் தவிர தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குழந்தைக்கு வேறு ஆள் இல்லை.

சைட்டில் ராசாங்கத்துக்குப் பகல் ஷிப்ட். இரவு ஷிப்டுக்குக் கருப்பண்ணன். "நீ கவலைப்படாம போய்யா. காலைல நான் இறங்காமலே உன் ஷிப்டையும் மூணு மணி வரைக்கும் ஓட்டிர்றேன்" என்று கருப்பண்ணன் பத்து நாளைக்கு முன்பே சொல்லியிருந்தார். அம்சவள்ளி சீர்த் தட்டுகளோடு முதல் நாளே தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

விசேஷத்தன்று விடிகிற நேரத்தில் கருப்பண்ணனிடமிருந்து போன் வந்தது. "ராசாங்கம், கோவிச்சுக்காத. ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிச்சு. மெட்ராஸ் ஐ. டிப்பர் எது, ஆளு எதுன்னு தெரியல."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதன் மேல் சைட் சட்டையை மாட்டிக்கொண்டு ராசாங்கம் போய்ச் சேர்ந்தார். கருப்பண்ணன் மகளுடைய ரோஸ் நிறக் கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு, யாரையும் நெருங்காமல் புளியமரத்தடியில் நின்றிருந்தார். சிரிக்கிற மனநிலையில் இல்லாவிட்டாலும் ராசாங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பரப்பிக் கிடந்த அடுக்கை உருட்டி முடித்து அவர் இறங்கியபோது மணி ஏழரை. சைட் மேனேஜர் குருநாதன் வந்துவிட்டிருந்தார். கெட்டவர் இல்லை, ஐப்பசி மழைக்குள் அணை எந்த மட்டத்துக்கு வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் தலைக்குள் தங்காது, அவ்வளவுதான்.

"வேற ஆபரேட்டர் சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் வருவான். நீங்க போனீங்கன்னா வேலை நிக்கும். ஏழரைக்கு உருட்டுனது அது வரைக்கும் வெயில்ல கெடந்தா ஜாயின்ட் செத்துரும். அப்புறம் தண்ணி அடிச்சு, சுரண்டி, சாந்து பூசித்தான் மேல போடணும். ரெண்டு நாள் போயிரும் ராசாங்கம்."

ராசாங்கம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்; மறுபடி மடித்துக் கட்டினார்.

நர்மதாதான் கேட்டார். "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?"

"ரெண்டு மணி நேரம் போக, ரெண்டு மணி நேரம் வர. பத்தரைக்குக் காது குத்து. மடியில வச்சு எடுத்துக் குடுத்துட்டு உடனே வண்டியெடுத்தா மதியம் ஒரு மணிக்கு வந்துருவேன் மேடம்."

நர்மதா பென்சிலை உருவித் தன் கையேட்டில் ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு குருநாதனிடம் சொன்னார். "சார், வெறும் சிமெண்ட்டுன்னா நாலு மணி நேரம்கூடத் தாங்காது, நானே போக விடமாட்டேன். இதுல அறுபது பங்கு சாம்பல். ஈரமா மூடி வச்சா ஏழெட்டு மணி நேரம் தாங்கும். மூணு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நானே நிறுத்திச் சுரண்டச் சொல்லி எழுதித் தர்றேன். என் பொறுப்பு."

குருநாதன் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுவலகக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

ராசாங்கம் பைக்கை எடுத்தபோது, நனைப்பு வேலை பார்க்கும் அனுசுயாவும் ஏழெட்டுப் பெண்களும் ஈரச் சாக்குகளை அடுக்கின் மேல் விரித்துக்கொண்டிருந்தார்கள். "காஞ்சு போவாம நாங்க பாத்துக்குறோம்ணே. புள்ளையை அழ விடாம நீங்க பாத்துக்குங்க" என்று அனுசுயா கத்தினாள்.

பெரம்பலூரைத் தாண்டும் வரை சாலை காலியாகக் கிடந்தது. அரியலூர் நெருங்கியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டின. ஒன்றின் பின்னால் ஒன்றாக, வெள்ளைத் தூசியை இறைத்துக்கொண்டு அவை ஊர்ந்த வேகம் ரோலர் வேகம்தான். எத்தனையோ வருஷம் அந்த வேகத்தில் நிம்மதியாகப் போனவருக்கு, அன்றைக்குத்தான் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தன்னை எப்படித் திட்டியிருப்பார்கள் என்பது புரிந்தது.

கோயிலுக்குப் பத்தேகாலுக்கே போய்விட்டார். ஆனால் காது குத்துகிற ஆசாரி வரவில்லை. இன்னொரு கோயிலில் நாலு பிள்ளைகளுக்குக் குத்திக்கொண்டிருக்கிறார் என்றார்கள். பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. ராசாங்கம் கோயிலை முன்பக்கமாக ஒரு சுற்று, பின்பக்கமாக ஒரு சுற்று நடந்தார். பன்னிரண்டுக்கு ஆசாரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இலக்கியாவை மடியில் வாங்கி உட்கார்ந்தார் ராசாங்கம். சுற்றிலும் அம்பது அறுபது பேர். குழந்தை ஏற்கெனவே மொட்டைக்கு அழுது ஓய்ந்து, அடுத்த அழுகைக்கு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. அவசரமும் படபடப்பும் சேர்ந்து ராசாங்கத்தின் தொடைகள் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாக ஆடின. "மாமன் தூளி ஆட்டுறான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். உண்மையாகவே குழந்தையின் கண்கள் செருகின. ஆசாரி நேரம் பார்த்து ஒரு காதில் குத்தி, தோட்டை மாட்டி, திருகியே முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் இலக்கியாவுக்கு விஷயம் புரிந்தது. அது போட்ட சத்தத்தில், மாமன் குரல் அப்படியே இறங்கியிருக்கிறது என்று ஊரே முடிவு செய்தது. வெற்றிச்செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். ராசாங்கம் குழந்தையின் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷமாகத் தங்கை வீட்டு விசேஷம் என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

மணி பன்னிரண்டரை. கிளம்பலாம் என்று எழுந்தபோது தங்கையின் மாமியார் வீராயி வழியை மறித்து நின்றார்.

"தம்பி, எங்க கிளம்புறீங்க? கெடா வெட்டியிருக்கு. இன்னும் அரை மணி நேரத்துல இலை போட்டுருவாங்க."

"இல்லைங்கத்தே, அங்க வேலை நிக்குது."

"முதப் பந்தியில தாய்மாமன் கை நனைக்காம போனா, எங்க மருமவளுக்கு என்னா மரியாதைங்க தம்பி? நாலு சனம் என்னா சொல்லும்?"

அந்த அம்மாள் சண்டைக்குச் சொல்லவில்லை. அதுதான் ராசாங்கத்துக்குச் சங்கடம். பின்னால் வெற்றிச்செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ராசாங்கம் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கினார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். அதாவது, அவர் அப்படி நினைத்துக்கொண்டார்.

"மேடம், நர்மதா மேடம், உள்ளுக்குள்ள உசிரு இருக்கா?"

பந்திப் பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

மறுமுனையில் நர்மதா அடுக்கின் மேல்தான் குந்தியிருந்தார். கான்கிரீட்டிலிருந்து சலித்தெடுத்த சாந்தை ஒரு டப்பாவில் நிரப்பி, காலையிலிருந்து அங்கேயே வைத்து, அரை மணிக்கொரு முறை அதில் ஊசியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழுத்தத்துக்கு ஊசி இறங்குகிறது என்பதை வைத்துத்தான் கான்கிரீட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியும்.

"இருங்க, குத்திப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

"ஊசி இறங்குதா மேடம்? நல்லா அழுத்திப் பாருங்க. இங்க ஒரு சிக்கல், நான் வர லேட்டாவும்போல."

"அடக்கடவுளே, ஆஸ்பத்திரியில யாருங்க?" என்று ஒரு பெரியவர் பதறிப்போய் எழுந்து வந்தார். வீராயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அம்சவள்ளிதான் ஓடிவந்து, "ஆஸ்பத்திரி இல்லைங்க, அணைக்கட்டு. கான்கிரீட்டு இறுகிருச்சான்னு கேக்குறாரு" என்று ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கினார்.

போனில் நர்மதா பேசினார். "அண்ணே, இங்க பதினோரு மணியிலேருந்து வெயில் இல்லை. மேகம் மூடியிருக்கு. அனுசுயாக்கா சாக்கைக் காயவே விடல. ஊசி நெய்யில இறங்குற மாதிரி இறங்குது. நாலு மணி வரைக்கும் பயமில்லை. சார்கிட்டயும் காட்டிட்டேன், சரின்னுட்டாரு. சாப்பிட்டுட்டு வாங்க."

"சாப்பிட்டா மூணரை ஆயிரும் மேடம்."

"நிதானமா சாப்பிட்டுட்டே வாங்க. நேரத்தைத்தான் சாம்பல் குடுத்திருக்கே."

ராசாங்கம் போனை வேட்டி மடியில் செருகிக்கொண்டார். பிறகு முதல் பந்தியில், முதல் இலையில் போய் உட்கார்ந்தார். வீராயி தன் கையாலேயே கறியை அள்ளி வைத்தார். பக்கத்து இலைக்காரர் சாம்பலில் அணை கட்ட முடியுமா என்று சந்தேகம் கேட்டார். ராசாங்கம் சோற்றைப் பிசைந்தபடியே, ஊருக்கே கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

"சிமெண்ட்டு இருக்கே, அது அவசரக்காரன் மாதிரிங்க. வந்ததும் இறுகி உக்காந்துக்கும், சூடாவும். சாம்பல் அப்படி இல்லை. பொறுத்துத்தான் பிடிக்கும். பிடிச்சா விடாது."

பந்தியின் மறுகோடியிலிருந்து அம்சவள்ளி தலையை நீட்டிக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். எட்டு மாதமாக வீட்டில் அவர் கேட்ட பேச்சு வேறு.

புறப்படும்போது வெற்றிச்செல்வி, சீருக்குப் பதில் மரியாதையாக ஒரு புதுத் துண்டை அண்ணன் தோளில் போட்டாள். தாம்பூலப் பையும், நாலு பேருக்கு வருகிற மாதிரி கறிச்சோற்றுப் பொட்டலமும் பைக்கில் தொங்கின.

மூன்று இருபத்தைந்துக்கு ராசாங்கம் அணையின் மேல் நின்றார். கான்கிரீட் கலக்கும் பிளாண்டு ஓடிக்கொண்டிருந்தது, முதல் டிப்பர் சுமையோடு தயாராக இருந்தது. சாக்குகளைச் சுருட்டி எடுத்திருந்தார்கள். ராசாங்கம் குனிந்து காலையில் தான் உருட்டிய அடுக்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இறுகவுமில்லை, இளகவுமில்லை, விரலின் அச்சு லேசாகப் பதிந்தது. குருநாதன் பக்கத்தில் வந்து, "காது குத்தியாச்சா?" என்று கேட்டார். அவர் அப்படி வீட்டு விஷயம் கேட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை.

டிப்பர் கொட்டியது. புல்டோசர் பரப்பியது. ராசாங்கம் எட்டு நடை போய் வந்தார். மூன்றாம் நடையில் பார்த்தபோது, அனுசுயாவும் நர்மதாவும் கரையோரத்தில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் பங்கு மட்டும் தனி இலையில், தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

சாயந்தரம் ஐந்து மணிக்கு மாற்று ஆபரேட்டர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டார். ராசாங்கம் கீழே இறங்கி வந்தபோது, சாம்பல் கொட்டும் இடத்தில் ஒரு பல்கர் நின்றுகொண்டிருந்தது. குழாய் மாட்டிவிட்டு டிரைவர் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். புருவம், மீசை, சட்டை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இதற்கு முன் வந்தவனாகத் தெரியவில்லை.

ராசாங்கம் தன் பைக்கிலிருந்து தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு லாரியருகே போனார்.

"இந்தாப்பா. எங்க வூட்டு விசேஷம்."

டிரைவர் அவசரமாகக் கையைச் சட்டையில் துடைத்தான். "அண்ணே, நான் சேலத்துப் பக்கம். யாருன்னே உங்களுக்குத் தெரியாதே. எனக்கு எதுக்குங்கண்ணே?"

ராசாங்கம் படியில் ஏறி, டிரைவர் பக்கத்துச் சீட்டில் பையை வைத்தார். உள்ளிருந்த தேங்காய் உருண்டது. தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துச் சுருட்டி, பை விழாதபடி பக்கத்தில் முட்டுக் கொடுத்தார்.